பின்னேரப் பாதை

இரஞ்சிதம் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஆற்றங்கரைச் சேற்றில் நின்ற வெள்ளை ஹோல்டன் கார் விடாமல் அலறியது. இறங்குதுறையில் கம்பி வடத்தில் கட்டிக் கிடந்த, வாகனங்களை ஏற்றிக் கடக்கிற இரும்புப் பாதை அசையவில்லை. பக்கத்துத் தகரக் கொட்டிலுக்குள் கால் நீட்டி இருந்த பாதைக்காரனும் அசையவில்லை. ஒரேயொரு தடவை செம்பட்டைத் தலையை வெளியே நீட்டிக் காரைப் பார்த்தான். கொட்டில் சுவரில் அறைந்திருந்த அறிவித்தல் பலகையை விரலால் தட்டிக் காட்டினான். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"விடும், ரஞ்சி. அவன் எழும்ப மாட்டான்," என்றார் கணவர் மகேந்திரராஜா. மடியில் வரைபடம் விரிந்து கிடந்தது.

"ஏன் எழும்ப மாட்டான்? செத்தவீடெண்டு சொன்னனீங்களோ, இல்லையோ?"

"சொன்னனான். மன்னிக்கச் சொன்னவன். வெள்ளத்திலை அங்காலை மணல் சேந்திட்டுதாம், கடல் தண்ணி ஏறாமல் எடுத்தால் தரை தட்டுமாம். பின்னேரம் நாலு மணிக்குத்தானாம்."

அவள் இன்னும் பலமாக அழுத்தினாள். அப்போதுதான் அக்கரையிலிருந்து பதில் ஹோர்ன் கேட்டது. இரண்டு குட்டிச் சத்தம், ஒரு நீளச் சத்தம். கல்யாண ஊர்வலத்தில் அடிப்பதுபோல.

இரஞ்சிதம் கையை எடுத்துவிட்டாள்.

ஆறு அகலமானது. மலையில் பெய்த மழையெல்லாம் தேத்தண்ணி நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், காடு வந்து ஆற்றில் முட்டும் இடத்தில், சேறு பூசிய பச்சை நிற லொறியொன்று நின்றது. அதன் பக்கத்தில் அகல விளிம்புத் தொப்பியோடு ஓர் ஆள். தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே சுற்றினான்.

"குமார்," என்றார் மகேந்திரராஜா. "அவனுக்கு ஒண்டும் தெரியாது போலை."

அவளுடைய தம்பி இந்திரகுமாருக்கு ஒன்றும் தெரியாதுதான். காட்டுக்குள் தெரு அளக்கிற கூட்டத்தோடு அவன் கூடாரத்தில் இருந்தான். விடிந்ததும் ஆஸ்பத்திரியின் தலைமைத் தாதி மேட்ரன் றேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார். ஆள் வெள்ளனவே வெளிக்கிட்டுவிட்டதாக மறுமுனையில் ஆரோ சொல்லியிருக்கிறார்கள். தகப்பனையும் தமக்கையையும் கூட்டிவரப் போய்விட்டானாம்.

தகப்பன் அரியரத்தினம் அன்று விடியக் கருக்கலில்தான் இறந்துபோயிருந்தார். இரவு மோட்டலில் நெஞ்சு நோகிறதென்று கொண்டுபோய்ச் சேர்த்த கரும்பாலைப் பட்டினத்தின் சின்ன ஆஸ்பத்திரியில், சுழலுகிற மின்விசிறிக்குக் கீழே. "உந்தக் காத்தாடியை நிப்பாட்டு, சளி பிடிக்கப் போகுது" என்று மகளை ஏசியதுதான் கடைசிப் பேச்சு. இரஞ்சிதம் எழுந்து சுவிட்சைத் தேடிக்கொண்டு போனாள். அந்த அறையின் சுவிட்ச் வெளியே நடைபாதையில் இருந்தது. நிற்பாட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் இல்லை. இருதயம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். சாரத்தையும் சேட்டையும் கண்ணாடியையும் ஒரு கடதாசிப் பையில் போட்டு ஒரு தாதி கொண்டுவந்து நீட்டினாள். கடையில் சாமான் வாங்கியது போலிருந்தது.

அப்போதிருந்து இரஞ்சிதத்துக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்துகொண்டிருந்தது. அது யார் மேல் என்று ஒரு தீர்மானமும் இல்லை. கிட்டப் போனவர்கள் எல்லோர் மேலும் விழுந்தது.

முதலில் மகேந்திரராஜா மேல். சிட்னியிலிருந்து வெளிக்கிட்ட நாள் தொட்டு எல்லாம் அவருடைய திட்டம். எந்த ஊரில் சாப்பாடு, எந்த ஊரில் படுக்கை, எங்கே பெற்றோல் என்று ஹோம்புஷ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தைப் பரப்பி, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டவர். பாதை மணிக்கொரு தடவை ஓடும் என்று அதில் எழுதியிருந்தார். அது வெள்ளத்துக்கு முந்தின கணக்கு. முந்தின நாள் வந்து இறங்கியபோது துறையில் ஒரு குருவியும் இல்லை. பலகையில் புது நேரம் எழுதிக் கிடந்தது: காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, அதுவும் ஆற்றில் கடல் தண்ணீர் ஏறுவதைப் பொறுத்து. இரண்டும் போய்விட்டிருந்தன. இன்று அந்தக் காலைப் பாதை வெள்ளனவே போய் வந்துவிட்டது. அவர்கள் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

பாதை என்பது தகப்பன் கிழவனின் சொல். ஊரில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் வாகனங்களை ஏற்றிக் கடக்கிற மிதவையை அப்படித்தான் சொல்வார்கள். அரியரத்தினம் தெருப்போடுகிற இலாகாவில் ஓவசியராக இருந்து ஓய்ந்தவர். சிட்னியிலிருந்து வந்த வழி முழுக்கப் பின் சீற்றில் இருந்தபடி, இது தார் காணாது, இது வாய்க்கால் விடாமல் போட்ட தெரு என்று கண்டபடி குறை சொல்லிக்கொண்டு வந்தார். நேற்றுத் துறையில் நின்று பலகையைப் பார்த்தபோது அவருக்கு உள்ளூரச் சந்தோசம்தான்.

"பாதையை நம்பிப் பயணம் போடக்கூடாது, தம்பி," என்றார் மருமகனிடம். "கடவுளை நம்பலாம், கங்காணியை நம்பலாம். பாதையை நம்பேலாது."

மலையைச் சுற்றிப் போனால் இரண்டு நாளில் அக்கரைக்குப் போகலாம் என்றார் மகேந்திரராஜா. கிழவன் தலையாட்டவில்லை. "பெடியன் நாளைக்குத்தானே வரச் சொன்னவன். நாளைக்கே போவம். இவ்வளவு நாள் பொறுத்தனாங்கள்."

இவ்வளவு நாள் என்பது ஒன்பது வருசம். இந்திரகுமார் எஞ்சினியருக்குப் படிக்கவென்று சிட்னிக்கு வந்தவன். இரண்டு தரம் சோதனை தவறினதும் ஒருவருக்கும் சொல்லாமல் வடக்கே ஏறிவிட்டான். அக்காள் கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த பிறகும் ஒரு நத்தார் லீவுக்குத்தானும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வருசம் வெள்ளம், ஒரு வருசம் லொறியின் கியர்பெட்டி, ஒரு வருசம் வேலையிடத்துத் துரை லீவு தரவில்லை. தகப்பன் சிட்னியில் வந்து இறங்கிய பிறகும் தந்திதான் வந்தது: மழை, பிறகு வருகிறேன். அவன் வருவதென்றால் ஆறும் மலையும் குறுக்கே வந்து படுத்துவிடும் என்று அவள் குசினிக்குள் நின்று கத்தினாள். கிழவன் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அவன் வராட்டி நாங்கள் போவம். றோட்டு இருக்குத்தானே."

இப்போது அவன் வந்து நிற்கிறான். உண்மையாகவே ஆறு குறுக்கே கிடக்கிறது.

இரஞ்சிதம் காரை விட்டு இறங்கினாள். சேலைக் கரையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் விளிம்பு வரைக்கும் போனாள். இரண்டு கைகளையும் வாயோரம் குவித்து, "குமார்! ஐயா...!" என்று கத்தினாள். ஆற்றின் இரைச்சல் அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவன் காதில் கை வைத்துச் சரிந்து நின்றான். ஏதோ திருப்பிக் கத்தினான். அதுவும் வந்து சேரவில்லை.

சாவுக்கு என்ன சைகை? அவளுக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்க்க நேரமும் இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சரித்து, கண்களை மூடிக் காட்டினாள். பிறகு காரைக் காட்டினாள். ஆஸ்பத்திரி இருந்த பக்கத்தைக் காட்டினாள்.

அக்கரையில் அவன் தலையைப் பெரிதாக ஆட்டினான். தானும் கன்னத்தில் கையை வைத்துக் காட்டினான். பிறகு இரண்டு கைகளையும் மெதுவாகக் கீழே அமர்த்தினான். படுக்கட்டும், எழுப்ப வேண்டாம் என்று. லொறிக்குள் கையை விட்டு ஹோர்னைச் சுட்டிக்காட்டி, வாயில் விரலை வைத்தான்.

அதன் பிறகு அவன் ஹோர்ன் அடிக்கவில்லை.

இரஞ்சிதம் திரும்பி வந்து காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நித்திரை எண்டு நினைச்சிட்டான்," என்றாள்.

பாதைக்காரனிடம் சின்ன வள்ளம் ஒன்று இருந்தது. அவள் கொட்டில் வாசலில் போய் நின்று, அதிலாவது தன்னைக் கொண்டுபோய் விடச் சொன்னாள். அவன் எழுந்து வந்து ஆற்றைக் காட்டினான். ஒரு முழு மரம், வேரும் இலையுமாக, தண்ணீரில் புரண்டு புரண்டு போய்க்கொண்டிருந்தது. போன கிழமை இதே இடத்தில் வள்ளம் இறக்கிய ஒருவனை இன்னும் தேடுகிறார்கள் என்றான். அவளுடைய துக்கத்துக்குத் தானும் வருந்துவதாகவும், ஆற்றுக்கு அது தெரியாது என்றும் சொன்னான். அவன் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"இஞ்சேரும், ஒரு முடிவுக்கு வருவம்," என்றார் மகேந்திரராஜா. "பிரேத வான் மத்தியானம் வந்திடும். ரெண்டு மணிக்கு வெளிக்கிட வேணுமெண்டு வான்காரர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார். தெற்காலை வாய்க்காலிலை வெள்ளம் ஏறுதாம். றோட்டை மூடினால் பிறகு இந்த லீவு நாள் கழிஞ்சுதான் எரிக்கலாம். எரிக்கிற இடம் பெரிய பட்டினத்திலைதான் இருக்கு. வான் ரெண்டு மணி, பாதை நாலு மணி. ரெண்டையும் பொருத்தேலாது."

"நேற்றும் பொருத்தேலாதெண்டுதான் சொன்னனீங்கள். முந்தநாளும் சொன்னனீங்கள். நீங்கள் என்னத்தைத்தான் பொருத்தினனீங்கள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மேட்ரன் சொன்ன மாதிரி இஞ்சையே புதைக்கிறதெண்டால்..."

"ஐயாவைப் புதைக்கேலாது."

"அப்ப நான் கொள்ளி வைக்கிறன். மருமோன் வைக்கலாம். ஒரு குற்றமும் இல்லை."

"அங்கை நிக்கிறவன் ஆர்?"

"அவன் இவ்வளவு காலமும் எங்கை நிண்டவன்?"

நேற்று அந்த மோட்டலில் அவளே கேட்ட கேள்விதான் அது. ஆனால் அவர் வாயால் கேட்டபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அதை நான் கேப்பன். நீங்கள் கேக்க வேண்டாம்."

கரும்புத் தோட்டத்துப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. வரைபடம் அவர் மடியிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. அவர் அதை மடிக்கப் பார்த்தார். பழைய மடிப்புக்கு வராமல் அது திமிறியது. கசக்கிப் பின் சீற்றில் எறிந்தார். அங்கே கிழவனின் தலையணை கிடந்தது.

"நீங்கள் காரைக் கொண்டு போங்கோ," என்றாள் இரஞ்சிதம். "வானோடையே போங்கோ. ஐயா தனியப் போகக்கூடாது. நான் இதிலை நிண்டு அவனைக் கூட்டிக்கொண்டு வாறன். அவனிட்டை வாகனம் இருக்குத்தானே."

"றோட்டை மூடினால்?"

"மூடினால் நீங்கள் வையுங்கோ."

அவர் குடையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் காரைத் திருப்பினார். சேற்றில் சில்லு ஒருக்கால் வழுக்கி, பிடித்து, கார் போனது.

அவள் நின்றாள். வெயில் வந்தது, தூறல் வந்தது, மறுபடி வெயில் வந்தது. பாதைக்காரன் ஒரு தகர டிரம்மைக் கவிழ்த்து வைத்து அதில் இருக்கச் சொன்னான். வேண்டாம் என்று தலையசைத்தாள். தேத்தண்ணி கொண்டுவந்தான். அதை மட்டும் வாங்கிக்கொண்டாள். சாயமில்லாத தேத்தண்ணி. ஐயா என்றால் ஒரு வாய்க்கு மேல் குடிக்காமல் வேலியில் ஊற்றியிருப்பார் என்று நினைத்தாள். நினைத்துவிட்டுக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

அக்கரையில் தம்பி சும்மா இருக்கவில்லை. துறையில் கிடந்த கொப்புகளை இழுத்து எறிந்தான். இறங்குகிற இடத்தில் சேறு கனக்க இருந்ததால் லொறியிலிருந்து பலகைகளை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினான். பிறகு லொறியின் பின்பக்கம் ஏறி, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். வயதான ஆள் சாய்ந்து இருக்கிற, கை வைத்த மரக் கதிரை. அதை ஒரு மரத்தின் நிழலில், ஆற்றைப் பார்க்க வைத்தான். சாய்ந்து ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தான். ஒரு காலுக்குக் கீழே கல் வைத்தான். தோளில் கிடந்த துவாயை எடுத்துத் துடைத்தான்.

இரஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பது வருசத்துக்கும் சேர்த்துத் திட்டுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. நின்ற நிலையில் அதையெல்லாம் ஒழுங்குபடுத்தினாள். அம்மா செத்ததற்கு வரவில்லை. என் கல்யாணத்துக்கு வரவில்லை. உன்னைப் பார்க்கவென்று அந்த மனுசன் இந்த வயதில் பிளேனேறி வந்தார், நீ தந்தி அடித்தாய். ஒவ்வொன்றுக்கும் நல்ல சொற்கள் கிடைத்தன. திரும்பிப் பார்த்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நிழல் நகர்ந்த பக்கத்துக்குக் கதிரையும் நகர்ந்திருந்தது.

இரண்டு மணி தாண்டியபோது அவள் கரும்புத் தோட்டத்துத் தெருவைப் பார்த்தாள். வான் இந்நேரம் வெளிக்கிட்டிருக்கும். பின்னால் ஹோல்டன் போகும்.

கடைசியில் தண்ணீர் ஏறியது. பாதைக்காரன் எழுந்து, தொப்பியைப் போட்டு, எஞ்சினை இயக்கினான். பால்கேன்கள் ஏற்றிய ஒரு லொறி மட்டும் வந்து ஏறியது. அவள் நடந்தே ஏறினாள். வடம் விறைத்துத் தண்ணீர் சொட்டியது. இரும்புத் தட்டு நடுங்கிக்கொண்டு நகர்ந்தது.

அவன் தண்ணீர் விளிம்புக்கு ஓடிவந்தான். கறுத்து, மெலிந்து, தாடி வைத்திருந்தான். நெற்றி அப்படியே ஐயாவின் நெற்றி. சிரித்தபடி அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் பார்த்தான். பால் லொறியைப் பார்த்தான்.

"அக்கா, என்ன நடந்து வாறீங்கள்? கார் எங்கை? ஐயா எழும்பயில்லையோ?"

அடுக்கி வைத்திருந்த சொற்களில் ஒன்றும் அவளுக்கு வரவில்லை. பலகையில் கால் வைத்து இறங்கினாள்.

"ஐயா விடியப்புறம் போயிட்டார், குமார்."

"எங்கை போயிட்டார்?"

அவள் ஆஸ்பத்திரி இருந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவனுடைய சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது.

"நித்திரை எண்டனீங்கள்," என்றான்.

"ஓம்."

"நான்... நான் சத்தம் போடாமல் நிண்டனான்."

"பார்த்தனான்."

அவன் திரும்பி, தான் அடுக்கிய பலகைகளில் நடந்து, மரத்தடிக்குப் போனான். ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் மரத்தில் ஊன்றி நின்றான். பால் லொறி இறங்கிக் காட்டுத் தெருவில் போய் மறைந்தது. தண்ணீர் வடியுமுன் உடனே திரும்ப வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பாதைக்காரன் எஞ்சினை அமர்த்திவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, ஆற்றின் மேற்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரஞ்சிதம் தம்பியின் அருகே போனாள். முதுகில் கை வைக்கலாமா என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"அத்தான் வானோடை போயிட்டார்," என்றாள். "றோட்டை மூட முதல் நாங்களும் போக வேணும். வெளிக்கிடு."

அவன் துவாயால் முகத்தை ஒற்றிக்கொண்டு லொறியை எடுத்தான். சில்லு சேற்றில் புதைந்து, பலகையில் ஏறி, பாதையின் மேல் நின்றது. பாதைக்காரன் சங்கிலியைப் போடக் குனிந்தான். "ஒரு நிமிசம்" என்று கையைக் காட்டிவிட்டு இந்திரகுமார் கீழே இறங்கி ஓடினான். கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். லொறியின் பின்பக்கத்தில் அளவுக் கோல்களும் கூடாரத் துணியும் நிறைந்திருந்தன. காலையில் அதன் மேலேதான் கட்டிக் கொண்டுவந்திருக்க வேண்டும். இப்போது அதற்கு நேரமில்லை. பாதையின் இரும்புத் தட்டில், லொறிக்கு முன்னால், அதை வைத்தான்.

பாதை நகர்ந்தது. நடு ஆற்றில் காற்று பலமாக இருந்தது. அவள் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இக்கரையைப் பார்த்தாள்.

துறையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, காருக்குப் பக்கத்தில் கறுத்த நீட்டு வானும் தெரிந்தது. வானின் பின்கதவோரம் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் மகேந்திரராஜா வரைபடத்தை விரித்துப் பிடித்து, விரலால் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். கரும்பாலைத் தெருவால் சுற்றிப் போகிற வழியாக இருக்கும். மறுபடியும் திட்டத்தை மாற்றிவிட்டார். ஆனால் அந்தக் கறுப்புக் கோட்டுக்காரர் சம்மதமாகத் தலையாட்டுவது இங்கிருந்தே தெரிந்தது.

"அத்தான் போகயில்லை," என்றாள். "ஐயாவை இஞ்சையே கொண்டந்திட்டார்."

இந்திரகுமாரும் பார்த்தான்.

"காலமை துவங்கி நிக்கிறீங்கள், அக்கா," என்றான். "நான் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான். இருங்கோ."

அவள் கதிரையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு இருந்தாள். மரம் இன்னும் வெயிலில் சுட்டது.

ஒரு மரக்கட்டை பாதையின் பக்கத்தில் மோதியது. இரும்புத் தட்டு சரிந்தது. கதிரை ஒரு சாண் வழுகியது. அவன் பின்னால் வந்து, கதிரையின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

கரை கிட்டும்வரை விடவில்லை.